சஃபாரிக்குத் திட்டமிடுவது எப்படி: நிலம், பொழுது, அதன் பிறகே விலங்கு

ஐந்து நாட்களில் நான்கு தேசியப் பூங்காக்கள். என் முதல் சஃபாரிப் பயணத்தை அப்படித்தான் வகுத்தேன். காகிதத்தில் அது அழகாகவே இருந்தது. ஒவ்வொரு பூங்காவிலும் ஒரே ஒரு சுற்று, மற்ற நேரமெல்லாம் நெடுஞ்சாலை. திரும்பி வந்து கணக்குப் பார்த்தால், விலங்குகளைப் பார்த்த நேரத்தைவிடச் சுங்கச்சாவடிகளில் நின்ற நேரம் அதிகமாக இருந்தது. பார்க்க வேண்டிய விலங்குகளின் பட்டியலை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ப இடங்களைக் கோத்ததுதான் பிழை. அது உறைக்க எனக்கு இன்னும் இரண்டு பயணங்கள் தேவைப்பட்டன.

தமிழ் இலக்கணம் படித்தவன் அந்தப் பிழையைச் செய்திருக்கக் கூடாது. நிலமும் பொழுதும் முதற்பொருள். விலங்கும் பறவையும் மரமும் கருப்பொருள். எந்த நிலம், எந்தப் பருவம், நாளின் எந்த வேளை என்பது முடிவாகிவிட்டால் எந்த விலங்கு என்பது பெரும்பாலும் தானாக வந்து சேரும். இந்த வழிகாட்டியின் படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

படி 1: நிலத்தைத் தேர்ந்தெடுங்கள்

சஃபாரிக்கு உகந்த நிலங்களைத் திறந்த புல்வெளி, அடர்ந்த காடு, நீர்நிலம் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். இந்த மூன்றும் தரும் அனுபவம் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதது.

புல்வெளி என்றால் தான்சானியாவின் செரெங்கெட்டி, அதை ஒட்டி வடக்கே கென்யாவின் மசாய் மாரா. செரெங்கெட்டி மட்டுமே ஏறத்தாழ 14,760 சதுர கிலோமீட்டர். இங்கே கண்ணுக்குத் தடை குறைவு. அரை கிலோமீட்டர் தொலைவில் சிங்கம் புரண்டு படுப்பதும் தெரியும். மந்தை மந்தையாக வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, யானை. முதன்முறை போகிறவர்களுக்கும் பொறுமை குறைந்த குழந்தைகளை அழைத்துச் செல்பவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

அடர்ந்த காடு வேறு விதம். மத்திய இந்தியாவின் கான்ஹாவை எடுத்துக்கொள்ளுங்கள். சால மரங்களும் மூங்கில் புதர்களும் நிறைந்த இடத்தில் புலி பத்து மீட்டர் தொலைவில் நின்றாலும் தெரியாமல் போகலாம். இங்கே கண்ணைவிடக் காதுக்கு வேலை அதிகம். இரண்டு மணி நேரம் எதுவும் நடக்காது. பிறகு இரண்டு நிமிடங்களில் எல்லாம் நடந்துவிடும். எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் எல்லோருக்கும் பிடிக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

நீர்நிலத்துக்குப் பிரேசிலின் பந்தனாலும் போட்ஸ்வானாவின் ஒகவாங்கோவும் நல்ல எடுத்துக்காட்டுகள். பந்தனாலில் ஜாகுவாரைத் தேடுவது படகில். அது ஆற்றங்கரையோரம் முதலை வேட்டையாட வரும். போட்ஸ்வானாவின் சோபே ஆற்றில் மாலைப் படகில் உட்கார்ந்தால் யானைகள் நீந்திக் கடப்பதைத் தண்ணீர் மட்டத்திலிருந்தே பார்க்கலாம். ஜீப்பின் குலுக்கல் ஒத்துக்கொள்ளாத முதுகுவலிக்காரர்கள் இந்த வகையைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

இந்த இடத்தில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடலாம். தமிழில் 'சிறுத்தை' என்று ஒரே சொல்லால் இரண்டு மூன்று விலங்குகளைக் குறித்துவிடுகிறோம். மரமேறி, இரவில் வேட்டையாடி, இந்தியாவிலும் இலங்கையிலும் ஆப்பிரிக்காவிலும் வாழ்வது சிறுத்தை. பகலில் புல்வெளியில் பாய்ந்தோடுவது சிவிங்கிப்புலி. கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு இறங்குவது இதன் அடையாளம். ஜாகுவார் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. புலியோ ஆசியாவை விட்டு வெளியே இயற்கையாக வாழ்வதில்லை. ஆப்பிரிக்கக் காட்டில் புலி எங்கே கிடைக்கும் என்று வழிகாட்டியிடம் கேட்டுச் சிரிப்புக்கு ஆளானவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நிலம் முடிவானால், ஒரே பூங்காவில் குறைந்தது மூன்று இரவுகள் தங்குங்கள். விலங்குகள் நம் தேதிக்கு வருவதில்லை. ஒரே பாதையில் இரண்டாம் முறை, மூன்றாம் முறை போகும்போதுதான் நேற்று இங்கே இல்லாத காலடி இன்று இருப்பது தெரியும்.

படி 2: பருவம்

பொது விதி எளியது. வறண்ட காலத்தில் குட்டைகள் வற்றும். மிஞ்சிய நீரைத் தேடி விலங்குகள் கூடும். இலை உதிர்ந்து காடு திறந்துகொள்ளும். மத்திய இந்தியாவில் ஏப்ரல், மே மாதங்களின் கொடும் வெயிலில் புலி பகலிலேயே குட்டையில் இறங்கி உட்கார்ந்திருக்கும். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர், நமீபியாவின் எத்தோஷா போன்ற இடங்களில் இந்த வறண்ட காலம் குளிர்காலத்தையும் அதை அடுத்த மாதங்களையும் ஒட்டி வருகிறது. ஜூன் முதல் அக்டோபர் வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் விதியை மட்டும் நம்பிப் பயணச்சீட்டு வாங்காதீர்கள்.

ஒகவாங்கோவில் கதை தலைகீழ். அங்கோலாவின் மேட்டுநிலத்தில் பெய்த மழை மாதக்கணக்கில் நகர்ந்து, உள்ளூரில் ஒரு துளி மழையும் இல்லாத ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான் வெள்ளமாக வந்து சேர்கிறது. வறண்ட காலத்தில் படகில் போகலாம் என்றால் அதற்கு இதுதான் காரணம். அசாமின் காசிரங்கா பிரம்மபுத்திரா வெள்ளத்தில் மூழ்குவதால் மழைக்காலம் முழுவதும் மூடியிருக்கும். மத்திய இந்தியப் புலிக் காப்பகங்களின் மையப் பகுதிகளும் பொதுவாக ஜூலை முதல் செப்டம்பர் வரை திறப்பதில்லை. இலங்கையின் யாலாவிலோ மழைக்கு அல்ல, வறட்சிக்கே கதவடைக்கிறார்கள். அந்தப் பூங்காவின் புகழ்பெற்ற முதல் பகுதி பல ஆண்டுகளில் செப்டம்பரில் மூடப்பட்டிருக்கிறது. அதே இலங்கையில் ஆகஸ்டு, செப்டம்பரில் மின்னேரியா குளம் சுருங்கி, வெளிப்படும் பசும்புல்லுக்காக நூற்றுக்கணக்கான யானைகள் ஒன்றுகூடும். ஒரே தீவு, ஒரே மாதம். ஒரு பூங்கா மூடியிருக்க இன்னொன்று உச்சத்தில் இருக்கிறது.

பெரும் வலசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது அதில்தான். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான்வகை விலங்குகள், அவற்றோடு வரிக்குதிரைகளும் சிறுமான்களும், மழையையும் புதுப்புல்லையும் பின்தொடர்ந்து செரெங்கெட்டிக்கும் மாராவுக்கும் இடையே ஆண்டு முழுவதும் வட்டமடிக்கின்றன. 'வலசை எப்போது தொடங்கும்?' என்ற கேள்விக்கே பொருள் இல்லை. அது நிற்பதே இல்லை. கேட்க வேண்டியது, நான் போகும் வாரத்தில் மந்தை எந்த மூலையில் இருக்கும் என்பதுதான். ஜனவரி முதல் மார்ச் வரை அது தெற்கே குட்டைப்புல் சமவெளியில் இருக்கும். பிப்ரவரியை ஒட்டிய சில வாரங்களில் லட்சக்கணக்கான கன்றுகள் பிறக்கும், அவற்றைத் தேடி வேட்டை விலங்குகள் வரும். ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றைக் கடக்கும் காட்சி. இந்த இரண்டு முனைகளுக்கும் இடையே சாலைவழி போனால் கிட்டத்தட்ட ஒரு பகல் கழிந்துவிடும். 'செரெங்கெட்டியில் தங்குமிடம்' என்று மட்டும் பார்த்து ஆகஸ்டில் தெற்கு முனையில் அறை எடுத்தவர் வெறும் புல்லைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆற்றைக் கடக்கும் காட்சிக்கும் நேர அட்டவணை கிடையாது. கரையில் ஆயிரக்கணக்கில் கூடி, ஒன்று முன்காலைத் தண்ணீரில் வைத்து, பிறகு எல்லாமே திரும்பிப் போய்விடும். மூன்று மணி நேரம் காத்திருந்தும் நடக்காமல் போகலாம். அதனால்தான் அங்கே ஒரு நாள் போதாது என்கிறேன்.

மழையை ஒட்டிய பசுமைக் காலத்தை ஒதுக்கிவிடவும் வேண்டாம். புல் உயர்ந்து விலங்கு மறையும், பாதை சேறாகும் என்பது உண்மைதான். ஆனால் கூட்டம் இருக்காது, தூசி இருக்காது, வலசைப் பறவைகள் வந்திருக்கும், பல தங்குமிடங்களில் கட்டணமும் குறையும். பறவை பார்ப்பவராக இருந்தால் இதுவே உங்கள் காலம்.

படி 3: வேளையும் சுற்றுகளும்

சிங்கம் நாளின் பெரும்பகுதியை உறங்கியே கழிக்கும். அது எழுந்து நடமாடும் சில மணி நேரம் விடியலையும் அந்தியையும் இரவையும் ஒட்டியது. ஆகவே பூங்காவின் வாயில் திறக்கும் நிமிடத்தில் நீங்கள் வாயிலில் இருக்க வேண்டும். இதை ஒட்டியே தங்குமிடத்தையும் முடிவு செய்யுங்கள். வாயிலிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் அழகான விடுதியைவிட வாயிலருகே இருக்கும் சாதாரண அறை மேல். பூங்காவுக்குள்ளேயே தங்க வழி இருந்தால் இன்னும் நல்லது. க்ரூகரில் உள்ளே தங்குகிறவர்கள் விடிந்தவுடன் முகாமிலிருந்தே புறப்பட்டுவிடலாம். வாயில் நேரங்கள் அங்கே மாதத்துக்கு மாதம் மாறும் என்பதையும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். தாமதமாகத் திரும்பினால் அபராதம் உண்டு.

சுற்றுகளின் எண்ணிக்கை நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. புல்வெளியில் மூன்று நான்கு சுற்றுகளிலேயே மனம் நிறையும். புலிக்காட்டில் நான்குக்குக் கீழே இறங்க வேண்டாம். ஆறு இருந்தால் நிம்மதி. மூன்றாம் நாள் மதியம் ஒரு சுற்றை விட்டுவிட்டுத் தூங்கினால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. அதிகாலை நான்கரைக்குத் தொடர்ந்து மூன்று நாள் எழுந்தவருக்கு அந்தத் தூக்கம் அடுத்த நாள் கண்ணைக் கூர்மையாக்கும்.

படி 4: நீங்களே ஓட்டுவதா, வழிகாட்டியோடு போவதா

இது பல இடங்களில் உங்கள் விருப்பம் அல்ல. இந்தியாவின் பெரும்பாலான புலிக் காப்பகங்களில் பதிவுபெற்ற வண்டியிலும் வழிகாட்டியோடும்தான் போக முடியும். வண்டிக்குள்ளும் இரண்டு விதம்: ஆறு பேர் அமரும் ஜிப்சி, ரந்தம்போர் போன்ற இடங்களில் இருபது பேர் அமரும் கேண்டர். கேண்டர் மலிவு. ஆனால் இருபது பேரில் ஒருவராவது சத்தமாகப் பேசுவார். அந்த ஒருவரைத் தவிர்க்கவே நான் ஜிப்சிக்குக் கூடுதல் பணம் கொடுப்பேன்.

க்ரூகர், எத்தோஷா, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஆகியவற்றில் உங்கள் காரிலேயே சுற்றலாம். சுதந்திரம் பெரிது, விருப்பம்போல நிற்கலாம், செலவும் குறையும். ஆனால் ஓட்டுபவர் பாதையைப் பார்ப்பாரே தவிரக் காட்டைப் பார்க்க மாட்டார். எனவே ஓட்டுநர் இருக்கையை மாற்றி மாற்றி ஏற்றுக்கொள்ளுங்கள், வேகத்தைக் குறையுங்கள். க்ரூகரில் தார்ச்சாலையில் உச்சவரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். உண்மையில் இருபத்தைந்தைத் தாண்டினால் எதையும் பார்க்க முடியாது. குறிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக் கூடாது. எத்தோஷாவில் ஓட்டுவதைவிட உட்காருவதே நல்ல உத்தி. நீர்க்குழி ஒன்றின் அருகே எஞ்சினை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் இருங்கள். விலங்குகள் முறைவைத்து வரும். ஒகௌகுவேஜோ முகாமில் விளக்கு வெளிச்சமிட்ட நீர்க்குழியே இருக்கிறது. இரவில் கறுப்புக் காண்டாமிருகம் அங்கே நீர் அருந்த வருவதை வேலிக்கு இப்பால் பெஞ்சில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

நடந்துபோகும் சஃபாரிக்குப் பேர்போனது ஸாம்பியாவின் தெற்கு லுவாங்வா. ஆயுதம் தாங்கிய காவலர் முன்னே செல்ல, வரிசையாக, பேசாமல் நடக்க வேண்டும். பெரிய விலங்கு பார்ப்பது இங்கே இரண்டாம்பட்சம். சாணம், காலடி, எறும்புப் புற்று, காற்றின் திசை என்று காடு திடீரெனச் சிறிய எழுத்தில் படிக்கக் கிடைக்கும். இதற்குப் பெரும்பாலும் குறைந்தபட்ச வயது வரம்பு உண்டு, குழந்தைகளோடு போகிறவர்கள் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். இரவுச் சுற்றும் அங்கே உண்டு. மசாய் மாரா காப்பகத்துக்குள் அது இல்லை. ஆனால் அதைச் சூழ்ந்த சமூக நிலக் காப்பகங்களில் உண்டு.

படி 5: முன்பதிவில் முன்பின் வரிசை

பலர் விமானச் சீட்டை முதலில் வாங்கி, பிறகு விடுதி, கடைசியில் நுழைவு அனுமதி என்று போகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். எது குறைவாக இருக்கிறதோ அதை முதலில் பிடியுங்கள். குறைவாக இருப்பது பெரும்பாலும் அனுமதிதான்.

உகாண்டாவின் ப்விண்டியில் மலைக் கொரில்லாவைப் பார்க்க ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு ஒரு நாளில் எட்டுப் பேருக்கு மட்டும்தான் அனுமதி. அருகில் இருக்கும் நேரம் ஒரு மணி. பதினைந்து வயதுக்குக் கீழானவர்களை அனுமதிப்பதில்லை. சளி, காய்ச்சல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் நம் நோய் அவற்றுக்கும் தொற்றும். அனுமதிச்சீட்டு பூங்காவின் குறிப்பிட்ட ஒரு பகுதிக்கு உரியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ருஷாகாவுக்கு அனுமதி வாங்கிவிட்டு புஹோமாவில் அறை எடுத்தால், விடியுமுன் மலைப்பாதையில் மணிக்கணக்கில் ஓட வேண்டியிருக்கும்.

கான்ஹாவிலும் இதே சிக்கல். கட்டியா வாயில் ஒரு பக்கம், முக்கி வாயில் காட்டின் மறுபக்கம். அனுமதி எந்த வாயிலுக்கு என்று பார்த்த பிறகே விடுதியைத் தேடுங்கள். இந்தியக் காப்பகங்களில் அனுமதிச்சீட்டில் பெயரும் அடையாள அட்டை எண்ணும் பதிவாகும். எந்த அட்டையின் எண்ணைக் கொடுத்தீர்களோ அதே அட்டையின் மூலத்தை வாயிலில் காட்ட வேண்டும். வாராந்தர விடுமுறையும் உண்டு. கான்ஹாவில் புதன்கிழமை மாலைச் சுற்று கிடையாது. விடுமுறைக் காலங்களுக்கான அனுமதிகள் பதிவு திறந்த உடனே தீர்ந்துவிடும், எனவே பதிவு திறக்கும் நாளை நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இடைத்தரகர் வழியாகப் போனால் பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகளை எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வண்டி நமக்கு மட்டுமா, பிறரோடு பகிர்வதா? எல்லோருக்கும் ஜன்னல் இருக்கை உண்டா? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் காட்டுக்குள் இருப்போம்? நுழைவுக் கட்டணம் தொகையில் அடக்கமா? பூங்கா மூடப்பட்டால் பணம் என்னாகும்? இவற்றுக்கு நேராகப் பதில் சொல்லாமல் 'புலி நிச்சயம்' என்று மட்டும் சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள். காட்டில் எதையும் நிச்சயம் என்று சொல்பவர் காட்டை அறியாதவர், அல்லது உங்களை அறிந்தவர்.

படி 6: செலவைக் கணக்கிடும்போது

நுழைவுக் கட்டணம் தலைக்கு, வண்டி வாடகை வண்டிக்கு. இந்த வேறுபாட்டால்தான் நான்கு பேர் சேர்ந்து போவது இரண்டு பேர் போவதைவிடத் தலைக்கு மலிவாகிறது. வெளிநாட்டவருக்குப் பல நாடுகளில் கட்டணம் பல மடங்கு. செரெங்கெட்டியில் பூங்காக் கட்டணம் 24 மணி நேரக் கணக்கில் ஓடுவதால், மதியம் இரண்டுக்கு நுழைந்தவர் மறுநாள் இரண்டுக்குள் வெளியேறினால் ஒரு நாள் கட்டணம்தான். பயண நேரங்களை அதற்கேற்ப வகுத்துக்கொள்ளலாம். வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் கொடுக்கும் அன்பளிப்பைத் தொடக்கத்திலேயே செலவில் சேர்த்துவிடுங்கள். பணம் குறைவென்றால் விடுதியின் தரத்தைக் குறையுங்கள், சுற்றுகளைக் குறைக்காதீர்கள்.

படி 7: உடல்நலம்

மலேரியா உள்ள பகுதி என்றால் மருத்துவரைக் குறைந்தது ஒரு மாதம் முன்பே பாருங்கள். தடுப்பு மாத்திரைகளைப் பயணத்துக்கு முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் தொடர வேண்டும். எத்தனை நாள் என்பது மாத்திரையைப் பொறுத்தது; ஒன்று ஊர் திரும்பி ஏழு நாளோடு முடியும், இன்னொன்று நான்கு வாரம் வரை நீளும். ஊர் வந்ததும் நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்கும் நாடுகளுக்குப் போவதானால் நுழைவதற்குப் பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். 2016 முதல் அந்தச் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும், தொலைக்காமல் வைத்திருங்கள்.

காலைச் சுற்றில் மூன்று நான்கு மணி நேரம் கழிப்பறை இல்லாமல் போகலாம். இதைப் பேசக் கூச்சப்பட்டுப் பலர் அவதிப்படுகிறார்கள். புறப்படும் முன் தேநீரை அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்ணீரை மட்டும் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே இருங்கள்.

படி 8: பையில் என்ன

முதலில் குளிர். ஆப்பிரிக்கா என்றால் வெயில், இந்தியா என்றால் வெயில் என்று மெல்லிய சட்டையோடு போய்த் திறந்த ஜீப்பில் பல் தந்தியடித்தவர்கள் ஏராளம். கான்ஹாவில் டிசம்பர் விடியலில் வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும். தான்சானியாவின் கோரோங்கோரோ எரிமலைவாயின் விளிம்பு கடல்மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டரைத் தாண்டியது. அடுக்கடுக்காக அணிந்து, வெயில் ஏற ஏறக் கழற்றுவதே வழி. கையுறையும் காதுமூடிய தொப்பியும் அதிகப்படியல்ல.

நிறம் மங்கலாக இருக்கட்டும். காக்கி, மண், சாம்பல். செட்சீ ஈ உள்ள ஆப்பிரிக்கப் பகுதிகளில் கருநீலமும் கறுப்பும் வேண்டவே வேண்டாம். அந்த ஈக்களைப் பிடிக்க வைக்கும் பொறிகளையே நீலத்துணியிலும் கறுப்புத்துணியிலும்தான் செய்கிறார்கள். அதன் கடி தடித்த சட்டையையும் துளைக்கும். இராணுவப் பாணிப் பச்சைத் திட்டு உடை காட்டுக்குப் பொருத்தம் என்று தோன்றும்; ஆனால் ஸாம்பியா, ஸிம்பாப்வே, உகாண்டா போன்ற நாடுகளில் பொதுமக்கள் அதை அணிவது குற்றம். பிளாஸ்டிக் பைகளையும் விட்டுவிடுங்கள். கென்யா அவற்றை 2017இலேயே தடைசெய்துவிட்டது. ட்ரோன் பறக்கவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் அதையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சிறிய விமானத்தில் முகாமுக்குப் போவதாக இருந்தால் மொத்தச் சுமை 15 கிலோ அளவுக்குள், அதுவும் மடங்கும் துணிப்பையில் இருக்க வேண்டும்.

தொலைநோக்கி ஆளுக்கு ஒன்று. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரே தொலைநோக்கியை இருவர் பகிர்ந்தால், சிறுத்தை மரத்திலிருந்து இறங்கும் நொடியில் அது மற்றவர் கையில்தான் இருக்கும். 8×42 அளவு போதும்: எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி அந்தி வெளிச்சத்திலும் காட்சியைத் தெளிவாகத் தரும். அதைவிட அதிக மடங்கு உள்ளதை ஓடும் வண்டியில் கைநடுங்காமல் பிடிக்க முடியாது. புகைப்படம் எடுப்பவர்களுக்கு 400 மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டும். அது இல்லாதவர்கள் கைப்பேசியில் புள்ளியளவு புலியைப் படம் எடுத்துக்கொண்டிருப்பதைவிடக் கண்ணால் பார்த்துவிடலாம். பல காப்பகங்களில் கைப்பேசியை உள்ளே அனுமதிப்பதும் இல்லை.

வண்டியில் ஏறிய பிறகு

இதுவரை சொன்னதெல்லாம் வாயில் வரைக்கும்தான். உள்ளே போனதும் வழிகாட்டி 'என்ன பார்க்க வேண்டும்?' என்று கேட்பார். 'புலி' என்று சொல்லாதீர்கள். சொன்னால் அவர் மற்ற வண்டிகளின் பின்னால் விரைவார், புழுதியும் கூட்டமும்தான் மிஞ்சும். 'அவசரமில்லை, நீங்கள் காட்டுவதைப் பார்க்கிறோம்' என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகம் மாறும். அன்றாடம் ஒரே விலங்கைத் துரத்திச் சலித்தவர், தனக்குப் பிடித்த ஆந்தைப் பொந்தை உங்களுக்குக் காட்டுவார்.

அடிக்கடி எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். இந்தியக் காடுகளில் புலியைக் காட்டிக்கொடுப்பவை மற்ற விலங்குகள்தான். மரத்துச்சியில் இருக்கும் மந்தி முதலில் பார்த்துக் குரல் கொடுக்கும். புள்ளிமானும் எச்சரிக்கும், ஆனால் அது சற்றுப் பயந்த சுபாவம். சருகு அசைந்தாலும் கத்திவிடும். கேளையாடு என்னும் சிறிய மான் நாயைப் போலக் குரைக்கும். கடமான் எளிதில் வாய் திறக்காது. அது காலைத் தரையில் உதைத்து உரக்கக் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தால் புலியோ சிறுத்தையோ அருகில் இருப்பது அநேகமாக உறுதி. குரல் எந்தத் திசையில் நகர்கிறது என்று கவனித்தால் விலங்கு போகும் பாதையும் தெரிந்துவிடும். அப்போது அந்தப் பாதை சாலையைச் சந்திக்கும் இடத்துக்கு முன்பே போய்க் காத்திருப்பதுதான் நல்ல வழிகாட்டியின் திறமை.

சாலைப் புழுதியையும் படிக்கலாம். மென்மையான மண்பாதையில் நடப்பது புலிக்கும் வசதி. அதன் காலடி வண்டிச் சக்கரத் தடத்துக்கு மேலே பதிந்திருந்தால் கடைசி வண்டிக்குப் பிறகு அது போயிருக்கிறது. சக்கரத்துக்குக் கீழே நசுங்கியிருந்தால் பழைய செய்தி.

புல்வெளியில் மற்ற விலங்குகளின் பார்வையைத் தொடருங்கள். நான்கு ஒட்டகச்சிவிங்கிகள் மேய்ச்சலை நிறுத்திவிட்டு ஒரே திசையில் வெறித்தால் அங்கே ஏதோ இருக்கிறது. பாறுக் கழுகுகள் வட்டமடிப்பது பெரிதல்ல, அவை வெப்பக்காற்றில் ஏறிக்கொண்டிருக்கலாம்; ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறங்கினால் இரை கிடக்கிறது.

கண்ணைப் பழக்கும் உத்தி ஒன்று உண்டு. காட்டில் மரங்கள் நிற்கின்றன. விலங்குகளின் முதுகு கிடைமட்டம். செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே படுக்கைக் கோடு ஒன்று தெரிந்தால் நின்று பாருங்கள். பத்தில் எட்டு முறை விழுந்த மரம்தான். மற்ற இரண்டு முறைக்காகப் பார்க்க வேண்டும். சிறுத்தையைத் தேடும்போது கிளையைப் பார்க்காமல் கிளையிலிருந்து தொங்கும் வாலைப் பாருங்கள்.

திறந்த வண்டியில் சிங்கம் அருகில் இருக்கும்போது எழுந்து நிற்பதோ கையை வெளியே நீட்டுவதோ கூடாது. அமர்ந்திருக்கும்வரை வண்டியும் நாமும் சேர்ந்து அதற்கு ஒரே உருவம்; எழுந்த கணத்தில் நாம் தனி உருவம் ஆகிவிடுகிறோம்.

யானையிடம்தான் அதிகக் கவனம் தேவை, அதுவும் நீங்களே ஓட்டும்போது. காதை விரித்துத் தலையை உலுக்கினால் அது எச்சரிக்கை. மெதுவாகப் பின்னே எடுங்கள். கன்னத்தில் மதநீர் வடிய, பின்கால்கள் சிறுநீரால் நனைந்திருக்கும் ஆண்யானை தெரிந்தால் அருகே போகவே வேண்டாம். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே வண்டியை நிறுத்தாதீர்கள். சாலை அதனுடையது, அது நடந்து முடிக்கும்வரை காத்திருங்கள்.

வண்டியை விட்டு இறங்க அனுமதிக்கும் பூங்காக்களில் தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவது ஏமாற்றும். யெல்லோஸ்டோனில் கரடிக்கும் ஓநாய்க்கும் 91 மீட்டர், காட்டெருமை உள்ளிட்ட மற்றவற்றுக்கு 23 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். அமைதியாகப் புல் மேயும் காட்டெருமையைப் பசு என்று நினைத்து அருகே நின்று படம் எடுக்கப் போனவர்கள் முட்டுப்பட்ட சம்பவங்கள் அங்கே அடிக்கடி நடக்கின்றன. அதே பூங்காவில் 1995இல் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்ட ஓநாய்களின் வழிவந்தவற்றை லாமார் பள்ளத்தாக்கில் பார்க்கலாம். ஆனால் அது கிலோமீட்டர் தொலைவிலிருந்து, முக்காலியில் வைத்த தொலைநோக்கி வழியாக, பனியில் நின்றபடி. அங்கே அருகில் போவதே நோக்கம் அல்ல.

ஒரு சுற்று முழுவதும் எதுவும் தென்படாமல் போகும் நாளும் வரும். அன்று வண்டியில் யாராவது முணுமுணுக்கத் தொடங்குவார்கள், அதைக் கேட்டு ஓட்டுநர் வேகத்தைக் கூட்டுவார். அந்த நேரத்தில் நிறுத்தச் சொல்லி, ஏதாவது ஒரு குட்டையருகே இருபது நிமிடம் உட்காருங்கள். மீன்கொத்தி வரும். முதலையின் மூக்கு மட்டும் மேலே வரும். இல்லையென்றால் கரையான் புற்றின் மேல் கீரி எட்டிப் பார்க்கும்.

அறைக்குத் திரும்பியதும், நினைவு மங்குமுன், பார்த்த இடம், நேரம், விலங்கு, அது என்ன செய்துகொண்டிருந்தது என்று நான்கு வரி எழுதிவையுங்கள். அடுத்த நாள் எந்தப் பாதையில் போக வேண்டும் என்று வழிகாட்டியிடம் பேச அது உதவும். படங்களைப் பகிர்வதானால், குறிப்பாகக் காண்டாமிருகத்தின் படம் என்றால், கேமராவிலும் கைப்பேசியிலும் இருப்பிடத் தகவலை முதலில் அழித்துவிடுங்கள். கொம்புக்காக அலைபவர்களும் அந்தப் படங்களைப் பார்க்கிறார்கள். எந்தப் பூங்கா என்று சொல்லலாம், எந்த வளைவு என்று சொல்ல வேண்டாம்.